வீணான படத்தின் விலை

எங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் அப்பா நான்கே படங்களில் இருக்கிறார். கல்யாணப் படம் ஒன்று. வேலைக்கான அடையாள அட்டைக்கு எடுத்தது ஒன்று. தம்பியின் முதல் பிறந்தநாளுக்கு ஸ்டூடியோவுக்குப் போய் எல்லோரும் விறைப்பாக உட்கார்ந்து எடுத்துக்கொண்டது ஒன்று. நான்காவதை நான் எடுத்தேன். 1970 பொங்கல் அன்று, எனக்கு எட்டு வயது. படம் இடப்பக்கமாகச் சரிந்திருக்கும். கிட்டத்தில் நின்று எடுத்ததால் ஆட்கள் கொஞ்சம் மங்கலாகவும், பின்னாலிருந்த முட்டைகோஸ் பாத்தி துல்லியமாகவும் விழுந்திருக்கும். அம்மாவின் நெற்றிக்கு மேல் ஒன்றும் இருக்காது. மங்கி குல்லா போட்ட அப்பா, கேமராவைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்.

பிரின்ட் வந்த அன்று அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒரு படம் வீணாப்போச்சு" என்றார். திட்டவில்லை, கணக்குச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு பத்து வருஷம் அந்தக் கேமரா என் கைக்கு வரவில்லை.

போன கோடை விடுமுறையில் என் மகள் என் பேத்திக்காகக் கேட்டாள்: "பாப்பாவுக்கு ஒரு கேமரா வாங்கிக் குடுக்கணும்மா. ரொம்ப விலையில்லாம, வீட்டுக்கும் ஆகணும். எதை வாங்கலாம்?" முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள் என்பதால் என்னிடம் கேட்டாள். எத்தனை மெகாபிக்சல், எந்த கம்பெனி என்று உடனே சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த முட்டைகோஸ் பாத்திதான் ஞாபகம் வந்தது. குறைந்த விலைக் கேமராவின் நூற்றிருபது வருஷக் கதையை நான் எப்போதும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன். ஒரு படம் வீணானால் வீட்டுக்கு எவ்வளவு நஷ்டம்? வீட்டில் யார் கையில் கேமரா இருக்கும், யார் படத்தில் இருக்க மாட்டார் என்பதையெல்லாம் அந்தத் தொகைதான் முடிவு செய்தது.

அப்பா பிலிம் செய்கிறவர். ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை. 1960இல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம் அது. பிரான்சின் பொஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1967இல் உற்பத்தி ஆரம்பமானது. பிலிமுக்குத் தூசி ஆகாது, புழுக்கமும் ஆகாது. அதனால்தான் மலைமேல் வந்தது. எக்ஸ்ரே பிலிம், கறுப்பு வெள்ளை ரோல், சினிமா பாசிட்டிவ், போட்டோ பேப்பர் எல்லாம் 'இந்து' என்ற பெயரில் அங்கிருந்து நாடெங்கும் போயின. தொழிலாளர்கள் குடியிருந்த பகுதிக்கும் இந்து நகர் என்றே பெயர். ஊரில் யாரும் முழுப்பெயரைச் சொல்ல மாட்டார்கள், 'எச்.பி.எஃப்.' என்பார்கள்.

வெள்ளி ஹாலைடும் ஜெலட்டினும் சேர்ந்த பால் மாதிரியான கலவையை, நகர்ந்துகொண்டே இருக்கும் நீளமான பிளாஸ்டிக் சுருளின் மேல் மெல்லிசாகப் பூசிக் காயவைப்பதுதான் பிலிம் தயாரிப்பின் உயிர். வெளிச்சம் பட்டால் சுருள் முழுக்கப் பாழ். ஆகவே அந்த வேலை இருட்டில் நடக்கும். எதிரே ஆள் வந்தால் மோதிக்கொள்ளாமல் இருக்கக் குரல் கொடுத்துக்கொண்டே நடப்பார்களாம். கரண்ட் போன ராத்திரிகளில் வீட்டுக்குள்ளும் அப்பா, "வர்றேன், வர்றேன்" என்று சொல்லிக்கொண்டேதான் சமையல்கட்டுக்குப் போவார். ஒரு படத்துக்குப் பின்னால் எத்தனை பேரின் இருட்டு இருக்கிறது என்று அறிந்த மனிதர் அவர். அவரால் ஒரு படம் வீணாவதைப் பொறுத்துக்கொள்ள முடியாதது இப்போது எனக்குப் புரிகிறது.

1969 தீபாவளிக்கு அப்பா வாங்கியது அக்ஃபா கிளிக் III. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த கேமரா. என் வயதுக்காரர்கள் வீட்டில் கேமரா என்று ஒன்று இருந்திருந்தால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருந்திருக்கும். கறுப்புப் பெட்டி, குவிக்க ஒன்றுமில்லாத லென்ஸ், வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி. 120 ரோல் போட்டால் பன்னிரண்டு சதுரப் படம். பின்பக்கத்தில் சின்னச் சிவப்பு ஜன்னல் இருக்கும். குமிழைத் திருகத் திருக, அடுத்த எண் அந்த ஜன்னலில் மெதுவாக வந்து நிற்கும். திருக மறந்துவிட்டு மறுபடி அழுத்தினால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு படம் விழும். எங்கள் ஆல்பத்தில் பாட்டியின் மடிக்குள் ஊட்டி ரயில் போகும் படம் ஒன்று உண்டு, அப்படி வந்தது.

பன்னிரண்டு படம் ஒரு வருஷத்துக்கு வரும். பொங்கலுக்கு இரண்டு, யாராவது ஊரிலிருந்து வந்தால் ஒன்று, தாவரவியல் பூங்காவில் மலர்க்காட்சிக்கு மூன்று, தம்பியின் முடியிறக்கலுக்கு இரண்டு. மீதி அவசரத்துக்கு. ரோலுக்கு ஒரு காசு, கழுவ ஒரு காசு, பிரின்ட் போட ஒரு காசு. எண்ணெய் அளந்து ஊற்றுவது மாதிரி அப்பா அளந்துதான் எடுப்பார். வெயில் முகத்தில் விழ எல்லோரையும் நிறுத்துவார். "அசையாதே" என்பார். அசையாமல் நின்ற எங்கள் முகங்களெல்லாம் ஆல்பத்தில் இருக்கின்றன. நிறுத்தியவர் இல்லை.

அந்தப் பொங்கலன்று சித்திதான் வற்புறுத்தினாள். "மாமா, நீங்களும் அக்காவும் நில்லுங்க, புள்ள எடுக்கட்டும்." எனக்கு இடக்கண்ணை மட்டும் தனியாக மூட வராது. கேமராவின் குட்டி ஜன்னல் வழியாக ஒற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். சித்தி பின்னால் நின்று தன் உள்ளங்கையால் என் இடக்கண்ணைப் பொத்தினாள். கரும்புச் சாறு மணத்த கை. அழுத்தும்போது அந்தக் கையோடு சேர்ந்து கேமராவும் சரிந்தது.

கேமராவைக் குழந்தை கையில் கொடுக்கலாம் என்று முதலில் துணிந்தது அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்து ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888இல் அவர் விற்ற முதல் கோடாக் கேமரா 25 டாலர். உள்ளே நூறு படத்துக்கான சுருள் இருக்கும். எடுத்து முடித்ததும் கேமராவையே 10 டாலரோடு தொழிற்சாலைக்கு அனுப்பினால், படங்களைப் போட்டு, புதுச் சுருளும் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். கையில் காசுள்ள வீடுகளுக்கான ஏற்பாடு அது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1900இல், அதே கம்பெனி பிரவுனி என்ற கேமராவை 1 டாலருக்குக் கொண்டுவந்தது. ஃபிராங்க் பிரவுனெல் வடிவமைத்த அட்டைப் பெட்டி. ஆறு படச் சுருள் 15 சென்ட். அந்தக் காலத்துக் குழந்தைகள் விரும்பிப் படித்த பால்மர் காக்ஸின் சித்திரக் கதைகளில் வரும் குட்டிப் பூதங்களின் பெயர்தான் பிரவுனி. அந்தப் பூதங்களின் படத்தையே கேமராப் பெட்டியிலும் அச்சிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றே விளம்பரம் செய்தார்கள். முதல் வருஷத்திலேயே ஒன்றரை லட்சத்துக்கு மேல் போயிற்று.

குழந்தைகள் மேல் இருந்த பாசம் மட்டும் இதற்குக் காரணமில்லை. கேமரா மலிந்தால் பிலிம் விற்கும். வியாபாரக் கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கு திறந்துவிட்ட கதவு பெரியது. 1916இல் அப்பா அம்மாவோடு யோசமிட்டி பள்ளத்தாக்குக்குப் போன பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு அவர்கள் ஒரு பிரவுனி வாங்கிக் கொடுத்தார்கள். பின்னாளில் அதே பள்ளத்தாக்கை உலகமே பார்க்கும்படி எடுத்துக் காட்டிய ஆன்செல் ஆடம்ஸ் அவர்.

இன்னொரு பையனை எனக்கு இதைவிடப் பிடிக்கும். பிரான்சில் 1894இல் பிறந்த ஜாக் ஆன்ரி லார்டீக். பணக்கார வீடு, மலிவுக் கேமராவுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. ஏழெட்டு வயதிலேயே அவன் அப்பா கேமராவைக் கையில் கொடுத்துவிட்டார். வீணானால் கவலையில்லாத வீடு. 1905 வாக்கில் தன் அறைத் தரையில் பொம்மை மோட்டார் கார்களை நிறுத்தி, கேமராவையும் தரையிலேயே வைத்து அவன் எடுத்த படம் ஒன்று உண்டு. கார்கள் கண் மட்டத்தில் நிற்கும், கட்டிலும் கணப்பும் மலை மாதிரி எழுந்து நிற்கும். நின்றபடி குனிந்து பார்க்கும் எந்தப் பெரியவருக்கும் அந்தப் படம் கிடைத்திருக்காது. லார்டீக்குக்குக் கிடைத்த அந்தச் சலுகை சாதாரண வீட்டுக் குழந்தைக்கும் எப்போது கிடைத்தது என்பதுதான் நான் சொல்லவரும் சரித்திரம்.

அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைத்தது. 1963இல் கோடாக் இன்ஸ்டாமேட்டிக் வந்தது. சுருளைக் கையால் மாட்டும் தொல்லை போய், உறையோடு இருந்த பிலிமை அப்படியே உள்ளே போட்டு மூடினால் போதும் என்றாயிற்று. 1970க்குள் ஐந்து கோடிக்கு மேல் செய்தார்கள். நம் பக்கத்தில் 1980களில் ஹாட் ஷாட் கேமரா வந்தது. 1990களில் கோடாக் கேபி 10 வந்தது. கல்யாண வீடு, கல்லூரிச் சுற்றுலா, எங்கு பார்த்தாலும் கேபி 10 தொங்கும். 35 மில்லிமீட்டர் ரோலில் முப்பத்தாறு படம். கையாள்பவர் கெட்டிக்காரராக இருந்தால் முப்பத்தெட்டு வரை இழுக்கலாம். தெருவுக்குத் தெரு கலர் லேப் வந்தது, ஒரு மணி நேரத்தில் பிரின்ட் கிடைத்தது.

பன்னிரண்டு முப்பத்தாறானதும் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று நான் பார்த்தேன். கேமரா அப்பாவிடமிருந்து தம்பிக்கு மாறியது. இருபது வயதுப் பையனுக்கு இரண்டு மூன்று படம் வீணாக்க அனுமதி கிடைத்தது. அம்மா சமையல்கட்டில் நிற்கும் படம் முதல்முறையாக வந்தது. ஆனாலும் குழந்தை கைக்கு வரவில்லை. நானே என் மகளுக்குக் கொடுக்கவில்லை. "ரோல் தீர்ந்துடும், வை" என்று அப்பாவின் குரலிலேயே சொல்லியிருக்கிறேன்.

1975இல், அப்பா இருட்டில் பிலிம் பூசிக்கொண்டிருந்த அதே காலத்தில், ராச்செஸ்டரில் கோடாக் கம்பெனியின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் பிலிமே இல்லாத கேமரா ஒன்றைக் கட்டி முடித்தார். மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. குறுக்கே நூறு, நெடுக்கே நூறு, மொத்தம் பத்தாயிரம் புள்ளிகளில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதைக் கேசட் நாடாவில் பதிக்க 23 விநாடி. பிலிம் விற்றுப் பிழைத்த கம்பெனியிலேயே பிலிமின் முடிவும் பிறந்தது. இருபது வருஷம் கழித்து, 1995இல், ஜப்பானின் கேசியோ கம்பெனி எடுத்த படத்தைப் பின்பக்கத் திரையிலேயே பார்க்கும் சிறு கேமராவைக் கடைக்குக் கொண்டுவந்தது. அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. டிஜிட்டல் ஒரு பக்கம், இறக்குமதி ஒரு பக்கம் என்று நெருக்க, இந்து நகர்த் தொழிற்சாலை நலிந்து கடைசியில் மூடப்பட்டது. கோடாக்கும் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு மனுப் போட்டது. அப்பா அதையெல்லாம் பார்க்க இல்லை. இருட்டிலேயே வேலை செய்த கைகள் இருட்டு தேவைப்படாத கேமராவைத் தொட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று யோசிப்பேன்.

2007இல் கோவையில் நான் வாங்கியது கேனான் பவர்ஷாட் ஏ460. அன்று கடையில் இருந்த மலிவான கேமராக்களில் ஒன்று. ஐம்பது லட்சம் புள்ளி, நாலு மடங்கு ஜூம், பெட்டிக் கடையில்கூடக் கிடைக்கும் இரண்டு டபுள் ஏ பேட்டரி, கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சின்ன ஜன்னல். கடைக்காரர் அதைவிட உயர்ந்த மாடல்களை எடுத்து வைத்து மெகாபிக்சல் கணக்குச் சொன்னார். நான் மனக்கணக்குப் போட்டேன். ஆறுக்கு நாலு அங்குல பிரின்ட் நன்றாக வர, அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி போதும். 1,800ஐ 1,200ஆல் பெருக்கினால் 21 லட்சத்து 60 ஆயிரம். ஐம்பது லட்சமே எங்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல். அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை, ஆல்பத்தின் அளவு மாறாததால்.

அதற்கு ஒரு வருஷம் முன்பே, 2006இல், அமெரிக்க பொம்மைக் கம்பெனி ஃபிஷர் பிரைஸ் மூன்று வயதுக் குழந்தைகளுக்கென்று ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்திருந்தது. கீழே போட்டாலும் உடையாதபடி ரப்பர் பிடி வைத்திருந்தார்கள். அதன் படத்தை ஒரு பத்திரிகையில் பார்த்தபோது ஒரு விஷயம் என்னை அப்படியே நிறுத்திவிட்டது. பார்க்கும் ஜன்னல் இரண்டு இருந்தது, பைனாகுலர் மாதிரி, கண்ணுக்கு ஒன்றாக. சின்னக் குழந்தைகளுக்கு ஒற்றைக் கண்ணை மூட வராது என்பதை யாரோ கவனித்திருக்கிறார்கள். சித்தியின் உள்ளங்கை செய்த வேலையை இனிமேல் கேமராவே செய்யும்.

ஆனால் எந்தக் கேமரா வந்தாலும் பின்னாலேயே செல்போன் வந்தது. 2010இல் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் கம்பெனிகளிலிருந்து வெளியே போயின. 2023இல் அது 80 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. வீட்டுக்கு வீடு நாலு கேமரா, எல்லாம் போனுக்குள்ளே. படம் வீணானால் காலணா நஷ்டமில்லை. அப்படியானால் குழந்தைக்குத் தனிக் கேமரா எதற்கு? மகளின் கேள்விக்கு முதலில் நானும் அப்படித்தான் பதில் சொன்னேன்.

பிறகு பேத்தியை ஒரு வாரம் கவனித்தேன். "அம்மா, போன் தா." "எதுக்கு?" "போட்டோ எடுக்க." "சார்ஜ் இல்ல, அப்புறம்." இன்னொரு நாள் போன் கைக்கு வந்தது. இரண்டு படம் எடுப்பதற்குள் ஆபீஸ் அழைப்பு. மற்றொரு நாள் படம் எடுக்கத் திறந்தவள் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்காகத் திட்டு வாங்கினாள். ராத்திரி மகள் இடம் பற்றவில்லை என்று பாப்பா எடுத்த படங்களைத் தேடி அழித்தாள். மங்கல், சரிவு, கால் மட்டும், சுவர் மட்டும். எனக்கு நெஞ்சில் என்னவோ செய்தது. பிலிமின் விலை போய்விட்டது, அனுமதியின் விலை போகவில்லை. வீணானது எது என்று முடிவு செய்யும் ஆளும் மாறவில்லை.

அதனால் மகளிடம் நான் சொன்னது இதுதான். யாரிடமும் கேட்காமல் அவளே எடுத்துக்கொள்ளும் இடத்தில், அவளுடையது என்று ஒரு கேமரா இருக்கட்டும். இன்டர்நெட் வேண்டாம். ஆன்லைனில் கார்ட்டூன் உறை போட்டு வரும் பொம்மைக் கேமராக்களில் நாற்பது மெகாபிக்சல் என்று போட்டிருந்தால் நம்பாதே. பெரும்பாலும் உள்ளே இருக்கும் சென்சார் சின்னது, எண்ணிக்கையை மென்பொருள் ஊதிக் காட்டும். அவற்றில் விளையாட்டுகளும் இருக்கும், கேமரா பின்னால் போய்விடும். எடுத்தவுடன் துண்டுச் சீட்டில் அச்சடித்துத் தருபவை குழந்தைக்குக் குதூகலம்தான், ஆனால் அது பஸ் டிக்கெட் மாதிரி சூட்டில் கறுக்கும் தாள், சில வருஷத்தில் வெளுத்துவிடும். மூன்று நாலு வயதுக்கு ரப்பர் உறை போட்ட பொம்மைக் கேமரா சரி. ஏழு வயதுக்கு நிஜக் கேமராவே கொடு. பழையதாக இருந்தால் பரவாயில்லை. ஜூம் வேண்டுமானால் லென்ஸே நகரும் ஜூமாக இருக்க வேண்டும், டிஜிட்டல் ஜூம் படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. பேட்டரி எங்கும் கிடைப்பதாக இருக்கட்டும். கார்டு இன்றைக்கும் கடையில் கிடைக்கும் எஸ்டி கார்டாக இருக்கட்டும். மிகப் பழைய கேமராக்கள் சில 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை ஏற்காது, அதைக் கேட்டு வாங்கு. மணிக்கட்டில் மாட்ட ஒரு கயிறு அவசியம்.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது, சொன்ன எல்லாம் பொருந்திய கேமரா ஒன்று என் பீரோவிலேயே இருப்பது உறைத்தது. ஏ460ஐ எடுத்தேன். பேட்டரி வைக்கும் இடத்தில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, காயவைத்து, சார்ஜ் ஏற்றும் டபுள் ஏ பேட்டரி இரண்டு வாங்கிப் போட்டேன். லென்ஸ் வெளியே வந்தது.

முதல் நாள் பாப்பா இருநூற்றுச் சொச்சம் படம் எடுத்தாள். சாயங்காலம் கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆசிரியை புத்தி, கை தானாக அழிக்கும் பொத்தானுக்குப் போனது. இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஊஞ்சல் பலகையின் அடிப்பக்கம். பூனையின் வயிறு. சாப்பாட்டு மேஜைக்குக் கீழே எங்கள் நாலு பேர் கால், அதில் என் கால் மட்டும் தரையில் தாளம் போட்டு மங்கலாக. ஃபிரிட்ஜின் மேல்தட்டு, எட்டாத உயரத்தில், கோயில் கோபுரம் மாதிரி. அறுபத்து மூன்று வயதில் என் வீட்டை நான் மூன்றரை அடி உயரத்திலிருந்து பார்த்தேன். நூற்றிருபது வருஷத்துக்கு முன் ஒரு பணக்காரப் பையன் தரையில் கேமராவை வைத்துக் கண்டது, இப்போது கோவை பீளமேட்டில் ஒரு இரண்டு படுக்கையறை வீட்டில் பேட்டரி செலவோடு கிடைக்கிறது.

ஒரே ஒரு பழைய வழக்கத்தை மட்டும் அப்பாவிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். எடுப்பதற்கு எண்ணிக்கை கிடையாது, பிரின்ட் போட உண்டு. மாதம் பன்னிரண்டு. எது என்பதை அவளே தேர்ந்தெடுக்க வேண்டும். போனில் இருப்பது போனோடு போகும், தாளில் இருப்பது பீரோவில் இருக்கும். எங்கள் வீட்டில் 1970 இன்னும் இருப்பது அதனால்தான்.

போன மாதத்துப் பன்னிரண்டைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒரு படத்தில் வந்து நின்றாள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு அவள் தாத்தாவோடு எதற்கோ வாக்குவாதம் செய்கிறேன். படம் நன்றாகச் சரிந்திருக்கிறது. தாத்தாவின் தலை பாதிதான் இருக்கிறது.

"அம்மிச்சி, இது வீணாப்போன படமா?" என்றாள்.

"இல்ல கண்ணு" என்றேன். "இதை முதல்ல போடலாம்."